கேமரா இன்சூரன்ஸ்: க்ளெய்ம் நேரத்தில் கையைக் கடிக்கும் தவறுகள்

கல்யாண ஆர்டர் எடுக்கத் தொடங்கும் பையன்கள் முதல் வருடம் இன்சூரன்ஸ் பக்கமே போவதில்லை. யாருடைய லென்ஸாவது மணமேடையிலிருந்து உருண்டதைப் பார்த்த பிறகு பயந்துபோய் எடுக்கிறார்கள். எடுக்கும்போது, அவர்களுடைய சீனியர்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தப்பை வரி பிசகாமல் செய்கிறார்கள். பிரீமியம் கட்ட மறப்பது, பில்லைத் தொலைப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடலாம். பாலிசி கையில் இருந்தும் பணம் வராமல் போகிற இடங்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வாங்கிய விலையை எழுதுவது

இதை எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் ஏறுவதில்லை.

ஸ்டுடியோக்காரர்கள் எடுக்கும் எலக்ட்ரானிக் எக்விப்மென்ட் பாலிசியில், காப்பீட்டுத் தொகைக்கு அளவுகோல் இன்றைய புது விலை. அதே வகை, அதே திறனுள்ள புதுப் பொருளை இன்றைக்கு வாங்கினால் சுங்க வரி, சரக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து என்ன ஆகுமோ அந்தத் தொகையை எழுத வேண்டும். நீங்கள் அதை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். செகண்ட் ஹேண்டில் ரூ.1,20,000-க்கு ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்குகிறார் ஒருவர். அதன் புது விலை ரூ.2,40,000. விண்ணப்பத்தில் 1,20,000 என்று எழுதிக் கொடுக்கிறார். ரிசப்ஷன் கூட்டத்தில் யாரோ ட்ரைபாடைத் தட்டிவிட, கேமரா முகம் குப்புற விழுகிறது. லென்ஸ் மவுன்ட், ஷட்டர் யூனிட், லேபர் எல்லாம் சேர்த்து சர்வீஸ் சென்டர் ரூ.60,000 எஸ்டிமேட் தருகிறது. "ஒண்ணே கால் லட்சத்துக்குப் பக்கமா பாலிசி இருக்கே, அறுபதாயிரம் அதுக்குள்ளதானே" என்று நிம்மதியாக இருக்கிறார்.

சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் போடும் கணக்கு வேறு. 2,40,000-க்கு இருக்க வேண்டிய இடத்தில் 1,20,000-க்குத்தான் இருக்கிறது, அதாவது பாதி. அப்படியானால் ரிப்பேர் செலவிலும் பாதிதான், ரூ.30,000. எக்சஸ், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, ரூ.2,500 என்று வைத்தால் கைக்கு வருவது ரூ.27,500. மீதி ரூ.32,500 சொந்தக் காசு. இதற்குப் பெயர் ஆவரேஜ் கிளாஸ், பாலிசியில் பொடி எழுத்தில் இருக்கும். பிரீமியம் 2% என்று கொண்டால், குறைத்து எழுதியதில் அவர் மிச்சப்படுத்தியது 18% ஜிஎஸ்டி உள்பட வெறும் ரூ.2,832.

இதற்கு ஒரு எதிர்வாதம் ரெடியாக இருக்கும்: "மொத்தமா போச்சுன்னா எப்படியும் தேய்மானம் கழிச்சுத்தானே தருவாங்க, அப்புறம் எதுக்குப் புது விலைக்கு பிரீமியம் கட்டணும்?" முதல் பாதி உண்மைதான். பொருள் முழுசாகப் போனால், போவதற்கு முந்தைய நிமிடம் அதன் மதிப்பு என்னவோ அதுதான் கிடைக்கும். ஆனால் ஸ்டுடியோவில் அதிகம் நடப்பது ரிப்பேர்: வளைந்த மவுன்ட், விரிசல் விட்ட எல்சிடி, உடைந்த ஹாட் ஷூ (ஃப்ளாஷ் மாட்டும் இடம்), இறுகிப்போன ஜூம் ரிங். இந்தப் பாலிசியில் ரிப்பேருக்கு மாற்றும் பாகங்களுக்குப் பொதுவாகத் தேய்மானம் கழிப்பதில்லை. பழைய கேமராவுக்கும் புது ஷட்டரின் முழு விலை கிடைக்கும். அந்தச் சலுகையைத்தான் 2,832 ரூபாய்க்கு விற்றுவிடுகிறார்கள்.

இதே தப்புக்கு இன்னொரு முகம், "கேமரா மற்றும் உபகரணங்கள், ரூ.8 லட்சம்" என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது. சர்வேயர் ஸ்டுடியோவுக்கு வந்து பாடி, லென்ஸ், ஃப்ளாஷ், கிம்பல், பேட்டரி கிரிப் என்று ஒவ்வொன்றாகக் கூட்டுவார். 11 லட்சம் வந்தால், 70-200 லென்ஸின் ரூ.44,000 ரிப்பேருக்கு 8/11 பங்கு, அதாவது ரூ.32,000தான் ஒப்புக்கொள்வார். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி, மாடல், சீரியல் நம்பர், தனித் தொகை என்று அட்டவணை கேட்டு வாங்குங்கள். அப்படிச் செய்தால் ஒன்றின் குறைவு இன்னொன்றின் க்ளெய்மைத் தின்னாது.

புதுப்பிக்கும்போதும் கவனம் வேண்டும். ஏஜென்ட் போன வருட அட்டவணையை அப்படியே நகலெடுத்து அனுப்புவார். டாலர் ஏறினால் இறக்குமதி லென்ஸின் விலையும் ஏறும், உங்கள் தொகை மட்டும் அங்கேயே நிற்கும். வருடம் ஒரு முறை டீலரிடம் விலைப் பட்டியல் வாங்கிச் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். சில பாலிசிகளில் 15% வரை குறைந்திருந்தால் பெரிதுபடுத்த மாட்டார்கள். அந்தச் சலுகை உண்டா என்று கேட்டு, பாலிசியிலேயே எழுதி வாங்குங்கள். நடுவில் வாங்கும் லென்ஸை அன்றைக்கே என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யும் திருத்தம்) போட்டுச் சேர்க்க வேண்டும்.

கீழே விழுந்தால் கவர் ஆகுமா என்று கேட்காமல் விடுவது

எல்லா ஆபத்துக்கும் என்ற பெயரில் வரும் ஆல் ரிஸ்க் பாலிசி எடுத்திருப்பவர்கள் விலக்குகள் பகுதியை ஒரு தடவையாவது படிக்க வேண்டும். இங்கே புழங்கும் பல வாசகங்களில் கண்ணாடி, கேமரா, பைனாகுலர், லென்ஸ் ஆகியவை உடைவதும் விரிசல் விடுவதும் கீறல் விழுவதும் விலக்கப்பட்டிருக்கும். தீ பிடித்தாலோ, ஏறிப்போன வண்டி விபத்தில் சிக்கினாலோ மட்டும் கிடைக்கும். கை தவறி விழுந்ததற்கு எதுவும் வராது. கேமராக்காரனுக்கு வேறு எந்த ஆபத்து பெரிசு? "தற்செயலாகக் கீழே விழுந்து உடைந்தால் கவர் உண்டா, எந்தப் பிரிவில்?" என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்குங்கள். போனில் ஏஜென்ட் சொல்லும் "எல்லாம் கவர் ஆகும் சார்" காற்றோடு போய்விடும்.

வீட்டு இன்சூரன்ஸில் கேமராவைச் சேர்ப்பவர்களும் உண்டு. காசு வாங்கிப் படம் எடுப்பவருக்கு அது உதவாது.

மண்டபத்தில் பையை விடுவது

முந்தின நாள் மாலை ரிசப்ஷன், விடியற்காலை முகூர்த்தம். டீம் மண்டபத்திலேயே படுக்கிறது. மணமகள் அறை மூலையில் சார்ஜர்கள் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் பை திறந்தபடி கிடக்கும். பட்டு வேட்டி கட்டி உறவுக்காரர் மாதிரி வருகிறவர் பையைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக வெளியே போகிறார். பூட்டும் உடையவில்லை, கதவும் உடையவில்லை. பல பாலிசிகளில் திருட்டு என்றால் பலவந்தமாக உள்ளே நுழைந்த அடையாளம் வேண்டும். அது இல்லாத சாதாரணத் திருட்டுக்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும்.

காரிலும் அப்படித்தான். முழுதாக மூடிய கார், எல்லாக் கதவும் கண்ணாடியும் பூட்டியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. லோடு ஆட்டோவும் பைக்கில் கட்டிய பையும் இதில் சேராது.

பூட்டை உடைத்ததாகப் புகாரில் எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மண்டபத்து சிசிடிவியை சர்வேயரும் பார்ப்பார். ஒரு பொய் மொத்த க்ளெய்மையும் முடித்துவிடும்.

சிஎஸ்ஆர் ரசீதோடு நிற்பது

ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் கிடைப்பது சிஎஸ்ஆர், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டும். கம்பெனி கேட்பது எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை), அதாவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303-இன் கீழ் திருட்டு வழக்கு. பிறகு பொருள் கிடைக்கவில்லை என்று காவல்துறை தரும் சான்றிதழும் கேட்பார்கள். ஆன்லைனில் எடுக்கும் தொலைந்த ஆவண அறிக்கை பாஸ்போர்ட், லைசென்ஸ் போன்றவற்றுக்கானது, கேமராவுக்குச் செல்லாது. புகாரில் சீரியல் நம்பர் கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? கேனான், நிக்கான் பாடிகள் ஃபைலின் மெட்டாடேட்டாவிலேயே சீரியல் நம்பரை எழுதிவைக்கும். பழைய ரா ஃபைல் ஒன்றை எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் திறந்தால் வந்துவிடும்.

சர்வேயருக்கு முன் ரிச்சி ஸ்ட்ரீட்

உடைந்ததை மறுநாளே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ரிப்பேர் கடையில் பிரித்துப் போட்டுவிட்டால் சர்வேயர் எதைப் பார்ப்பார்? விழுந்த நிலையிலேயே நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அன்றைக்கே மெயில் அனுப்புங்கள். பல பாலிசிகளில் 14 நாளுக்குள் தகவல் போகவில்லை என்றால் க்ளெய்ம் கிடையாது. கடல் தண்ணீரில் விழுந்திருந்தால் பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டு அப்படியே வையுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்த்தால் உள்ளே ஷார்ட் ஆகி, இருந்த ரிப்பேர் வாய்ப்பும் போய்விடும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்து உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடிந்தால், ரிப்பேர் பில்லின் வரிப் பகுதியைக் கம்பெனி தராது. கணக்குப்பிள்ளையிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வாடகை லென்ஸ்

உங்கள் பாலிசியில் உங்கள் பொருள்தான் இருக்கிறது. வாடகைக் கடைக்காரரின் பாலிசியிலோ, வெளியாட்களுக்குக் கொடுத்த பொருள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். நடுவில் நிற்பது நீங்கள் கடைக்காரரிடம் ஈடாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக். அடிக்கடி வாடகைக்கு எடுப்பவர், பொறுப்பில் இருக்கும் பிறர் பொருளையும் அட்டவணையில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

ஃபங்கஸ்

லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் க்ளெய்ம் கிடைக்காது. ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட்டில் 40–50% ஈரப்பதத்தில் வையுங்கள்.

மெமரி கார்டு

காலி கார்டின் விலைதான் கிடைக்கும், உள்ளே இருந்த படங்களுக்கு எதுவும் கிடையாது.

டிரோன்

250 கிராமுக்கு மேல் என்றால் 2021 டிரோன் விதிகளின்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அது அடுத்தவர் தலையில் விழுந்தால் கொடுக்கும், உங்கள் டிரோனுக்குக் கொடுக்காது.

மறுப்புக் கடிதத்தை மடித்து வைப்பது

முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. தனிநபர், தனி உரிமையாளர் நடத்தும் ஸ்டுடியோ, குறு நிறுவனம் ஆகியோரின் பாலிசிகளை எடுத்துக்கொள்வார்கள். ரூ.50 லட்சம் வரை விசாரிக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். மனுவோடு பாலிசி, அட்டவணை, சர்வேயர் ரிப்போர்ட், மெயில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி இணையுங்கள். சர்வேயர் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. தயங்கினால் எழுத்தில் கேளுங்கள்.