கோயில் மரியாதைத் தகராற்றைக் கொடைக்கு முன்பே தீர்ப்பது எப்படி

செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரில், ஒரு வருடம் அம்மன் கொடை விழாவின்போது சப்பரம் கீழத்தெரு முக்கில் இரண்டரை மணி நேரம் நின்றுவிட்டது. பூசாரி பரிவட்டத் துணியை மடித்த மடிப்புக் கலையாமல் கையில் வைத்துக்கொண்டு, யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாதசுரக்காரர்கள் வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டார்கள். சப்பரம் தூக்கிய பையன்கள் தோளை மாற்றி மாற்றி நின்றார்கள். அம்மன் கழுத்தில் இருந்த அரளி மாலை விளக்குச் சூட்டில் வாடித் தொங்கியது. அன்று விழாக் குழுவில் கணக்கு எழுதும் பொறுப்பில் இருந்தவன் நான். எங்களிடம் வரவு செலவு நோட்டு இருந்தது. மரியாதை வரிசையை எழுதிவைத்த காகிதம் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு எட்டு வருடங்களாக எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இந்த வரிசையை எழுதி வைக்கும் வேலையைச் செய்து வருகிறேன். அதை எப்படிச் செய்வது என்பதையே இங்கே சொல்கிறேன்.

இந்த வேலையைக் கொடை முடிந்து முப்பது நாற்பது நாள் கழித்துத் தொடங்க வேண்டும். விழாவுக்குக் கால் நாட்டிய பிறகு தொடங்கினால் யாரும் நிதானமாகப் பேசமாட்டார்கள். வரி கொடுத்தவர், கொடுக்காதவர், வெளியூரிலிருந்து வந்திருப்பவர் என்று கூட்டம் பெருகிவிடும்.

எது மரியாதை, எதற்காக மரியாதை

ஒவ்வொரு மரியாதைக்கும் அது எந்த வேலையைத் தொட்டு வந்தது என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பூசாரி, தந்திரி, சாமி கொண்டாடி, அறங்காவலர் போன்றோர் பெறுவது அவர்கள் வகிக்கும் பொறுப்பைச் சார்ந்தது. மண்டகப்படிக்காரர் பெறும் மாலையும் தேங்காய்ப் பழமும் அவர் அன்றைய செலவை ஏற்பதற்காக வருவது. செலவை ஏற்கும் அந்தக் கட்டளையை அவர் விட்டுவிட்டால் மரியாதையும் நின்றுவிடும். ஊர் சார்பில் நாட்டாமைக்குக் கொடுக்கும் பரிவட்டம் ஊருக்கு உரியது. அவர் ஊருக்காக அதை வாங்கிக்கொள்பவர் மட்டுமே. இவை மூன்றிலும் சேராத, ‘எங்கள் தாத்தா காலத்திலிருந்து முதலில் நாங்கள்தான்’ என்று மட்டும் சொல்லப்படும் மரியாதைகள்தாம் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம்.

இந்தப் பிரிவினைக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் ஆழ்வார் கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்று வைணவ மடத் தலைவர்களான இரண்டு ஜீயர்களுக்கு இடையே நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1961இல் முடிந்தது. வெறும் மரியாதையைக் கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது, கோயிலில் ஒருவர் வகிக்கும் பதவியோடு இணைந்து வரும் மரியாதையானால் தொடுக்கலாம் என்பதே அதில் வகுக்கப்பட்ட நெறி. ஆகவே ஒருவர் தம் உரிமையைச் சொல்லும்போது, ‘இந்த மரியாதைக்காக நீங்கள் கோயிலுக்குச் செய்யும் பணி என்ன?’ என்று பணிவோடு கேட்டு, விடையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம் தெளிவாக இருக்கும் மரியாதை எல்லை கடந்தும் நிலைத்து நிற்கும். எங்களுக்கு அடுத்துள்ள ஆரியங்காவு கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே மண்டல பூசையை ஒட்டி நடக்கும் சாஸ்தாவின் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிரச் சமூகத்தார் பெண் வீட்டாராக வந்து சம்பந்தி மரியாதை பெறுகிறார்கள். புஷ்கலா தேவி அவர்கள் குலத்துப் பெண் என்பது ஐதீகம். அதனால் இன்ன சடங்கில் இன்ன இடத்தில் அவர்கள் நிற்பார்கள் என்பதற்குக் காரணம் அந்தச் சடங்குக்குள்ளேயே இருக்கிறது.

பழைய ஆதாரங்களைத் தேடுவது

விழா நோட்டீசுகளை முதலில் சேகரியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் அவற்றை அடுக்கி வைத்திருக்கும் ஒரு வீடாவது இருக்கும். பெரும்பாலும் அது பழைய கணக்குப்பிள்ளையின் வீடாகவோ நாதசுரக்காரர் வீடாகவோ இருக்கும். நோட்டீசில் எந்த நாள் மண்டகப்படி யாருடையது, புறப்பாடு எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வழியாக என்பது அச்சில் இருக்கும். அடுத்தது தலைக்கட்டு வரி நோட்டு, அதாவது குடும்பவாரியாக விழா வரி வாங்கிய கணக்கு. அதற்கடுத்தது குத்துவிளக்கு, மணி, வாகனம் ஆகியவற்றில் வெட்டியிருக்கும் உபயதாரர் பெயர்கள். திருமண வீடியோபோல் கொடை வீடியோவும் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பல வீடுகளில் உண்டு. அதில் பரிவட்டம் கட்டும் வரிசையைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

செங்கோட்டை வட்டாரத்திலும் நாஞ்சில் நாட்டிலும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிதான் நடந்தது. அதனால் பழைய கணக்குகள் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டிலும், பல சமயம் மலையாள எழுத்திலும் இருக்கும். கொல்லம் ஆண்டை மாற்றுவதில் தவறு நேர்ந்தால் ஆதாரமே கெட்டுவிடும். சிங்கம், அதாவது நம் ஆவணி, முதல் நாளிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும். சனவரியிலிருந்து கர்க்கடகம், அதாவது ஆடி, முடியும் வரை 825 கூட்ட வேண்டும். சரிபார்த்துக்கொள்ள எல்லாருக்கும் தெரிந்த ஒரு தேதி உண்டு: திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியான நாள் கொல்லம் 1112 துலாம் 27; அது 1936 நவம்பர் 12. மலையாள எழுத்து வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லி, இரண்டு வாசிப்பும் ஒத்துப்போனால் மட்டும் படியெடுங்கள். அந்த இருவரில் ஒருவராவது தகராற்றில் தொடர்பில்லாத வெளியூர்க்காரராக இருப்பது நல்லது.

இப்படித் தேடியபோதுதான் எங்கள் ஊர்ச் சண்டையின் வேர் எனக்குத் தெரிந்தது. தையல் பிரிந்த ஒரு வரி நோட்டில், ஆறாம் நாள் கணக்கின் கீழே, ‘கீழத்தெரு முக்கு, எண்ணெய் 2 படி, பந்தம் பிடிக்க ஆள் 4, மாலை 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த மாலை பந்தத்துக்கு எண்ணெய் கொடுத்தவருக்கு உரியது. மின்விளக்கு வந்த பிறகு எண்ணெய் நின்றுவிட்டது, மாலை நிற்கவில்லை. காலப்போக்கில் அதுவே முதல் பரிவட்டமாக வளர்ந்திருந்தது. நோட்டைக் காட்டியபோது அந்த வீட்டுப் பெரியவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தம்பி, எண்ணெயை நாங்க மறுபடி தாறோம். மாலையை மட்டும் குடுங்க, பரிவட்டம் ஊருக்கு இருக்கட்டும்” என்றார். அவரை மடக்கும் எண்ணத்தோடு நான் போயிருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது. தனியாக, அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துக் காட்டியதால் வந்தது. ஊர்க்கூட்டத்தில் எடுத்து நீட்டாதீர்கள்.

எதை வழக்கம் என்று ஏற்கக் கூடாது

பழைய நோட்டில் இருக்கிறது என்பதற்காக எல்லாமே உரிமையாகிவிடாது. குறிப்பிட்ட சாதியார் வடம் தொடக் கூடாது, அவர்கள் தெருவுக்குள் சாமி போகாது, அவர்கள் கையால் தேங்காய் வாங்கக் கூடாது என்பன போன்றவை எத்தனை தலைமுறைகளாக நடந்திருந்தாலும் வழக்கம் என்ற பெயரில் எழுதத் தகாதவை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்துவிட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தின்படி, அவர்களைச் சமய ஊர்வலத்தில் கலந்துகொள்ளவோ ஊர்வலம் நடத்தவோ விடாமல் தடுப்பது குற்றம். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் மரியாதையும் வடம் பிடிக்கும் உரிமையும் பற்றிய தகராற்றினால் பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த தேர் 2024இல்தான் மீண்டும் ஓடியது. விழாவையே இழக்கும் அளவுக்கு ஓர் ஊர் போக வேண்டிய தேவை என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வரிசையைத் திருத்தி எழுதும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும்போது, இதுவரை சாமி போகாத தெருவையும் பாதையில் சேர்த்துவிடுங்கள்.

பாதையும் நேரமும்

புறப்பாட்டுப் பாதையைக் காகிதத்தில் வரைவதற்கு முன் நடந்து பாருங்கள். இரு தரப்பிலிருந்தும் இருவர் வர, சாமி நிற்கும் ஒவ்வொரு முக்கையும், தேங்காய் உடைக்கும் கல்லையும், மின்கம்பி தாழ்ந்திருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எத்தனை நிமிடம் என்றும் எழுதுங்கள். ஐந்து நிமிடம் என்று எழுதிய இடத்தில் யாரும் அரை மணி நேரம் நிறுத்த முடியாது.

யார் முன்னே என்பது தீராத இடத்தில் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். சபரிமலை பக்தர்கள் எருமேலியில் ஆடிச் செல்லும் பேட்டைத் துள்ளலில் வானத்தில் கிருஷ்ணப்பருந்து வட்டமிட்டதும் அம்பலப்புழைக் கூட்டத்தார் புறப்படுகிறார்கள். அவர்களுக்குப் பிறகு, பகலில் நட்சத்திரம் கண்டதும் ஆலங்காட்டுக் கூட்டத்தார் புறப்படுகிறார்கள். இரு கூட்டத்தாருக்கும் அவரவர்க்குரிய அடையாளமும் நேரமும் உண்டு.

ஊர்வலம் மாநில எல்லையைத் தொட்டால் இரு பக்கத்து நிர்வாகத்துக்கும் ஒரே நகலைக் கொடுக்க வேண்டும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் செல்லும்போது, மன்னரின் உடைவாள் கைமாறுவதிலிருந்து களியக்காவிளையில் வரவேற்பு வரை இன்ன இடத்தில் இன்னார் என்று வரிசை வகுத்திருக்கிறார்கள். குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலில் சித்திரா பௌர்ணமி அன்று ஒரே நாள் வழிபாடு. அதற்குத் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசுகின்றன. அவ்வளவு பெரிய விழாவானாலும் சிறிய கொடையானாலும் எழுதப்பட வேண்டியவை இவையே.

எங்கே முறையிடுவது

பேசித் தீரவில்லை என்றால் கோயில் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, உட்பிரிவு (e) பொருந்தும். வழக்கத்தாலோ வேறு வகையிலோ ஒருவருக்கு மரியாதை பெறும் உரிமை உண்டா, கோயிலில் நிலைபெற்ற வழக்கம் என்ன என்பவற்றை விசாரித்து முடிவு செய்யும் அதிகாரம் இணை ஆணையருக்கோ துணை ஆணையருக்கோ உண்டு. அந்த ஆணையை எதிர்த்து 69ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் 70ஆம் பிரிவின்படி 90 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். இந்த வழியை விட்டு நேரே நீதிமன்றம் போனால் 108ஆம் பிரிவு தடுக்கும். செயல் அலுவலர் இல்லாத ஊர்ப் பொதுக்கோயிலாக இருந்தாலும் சட்டம் பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை.

ஆரியங்காவுபோல் திருவிதாங்கூர் தேவசம் போர்டின் கோயில் என்றால் 1950ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சி இந்து சமய நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். முதலில் தேவசம் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பாலக்காட்டுப் பக்கம் பழைய மலபாரைச் சேர்ந்த இடங்களில் 1951ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது.

தாசில்தார் முன்னிலையில் நடக்கும் அமைதிக் கூட்டம் அந்த ஆண்டு விழா கலவரமின்றி நடப்பதற்கானது. அங்கே கையெழுத்துப் போடுவதால் யாருக்கும் நிலையான உரிமை பிறக்காது, இருந்த உரிமையும் போகாது. இதை இரு தரப்புக்கும் முன்பே சொல்லிவிட்டால் கையெழுத்துக்குத் தயங்கமாட்டார்கள். அதையும் தவறவிட்டால், முன்பு 144 என்று நாம் சொன்ன, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவான தடை உத்தரவு வரும். சாமி வெளியே வரவே முடியாது.

எழுதுவதும் வாசிப்பதும்

உடன்பாட்டில் ‘வழக்கம்போல்’ என்ற சொல்லை எங்கும் போடாதீர்கள். ‘ஆறாம் நாள் இரவு, கீழத்தெரு முக்கில், சூடம் காட்டிய பின், எண்ணெய்க் கட்டளைக்காக இன்ன வீட்டாருக்கு மாலை ஒன்று, தேங்காய் ஒரு மூடி’ என்று நாள், இடம், வேளை, காரணம், பொருள் ஐந்தையும் எழுதுங்கள். வாங்க வேண்டியவர் வராவிட்டால் வீட்டிலிருந்து யார் வாங்கலாம், துட்டி வீடு, அதாவது சாவு நடந்த வீடு, என்றால் என்ன செய்வது, பெண் வாரிசு மட்டும் இருந்தால் அவர் வாங்கலாமா என்பனவற்றையும் சேர்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு எங்கள் ஊர் ‘வாங்கலாம்’ என்று எழுதியது எனக்குப் பெரிய நிறைவு.

மூன்று படி எடுத்து, ஒன்றைக் கோயில் பெட்டியிலும் ஒன்றைப் பூசாரியிடமும் ஒன்றை இரு தரப்பும் நம்பும் ஒருவரிடமும் வையுங்கள். கால் நாட்டு அன்று காலையில், மைக் இல்லாமல், கோயில் முன்பு ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும். வாசிப்பவர் மரியாதை எதுவும் வாங்காதவராக இருக்கட்டும்.

விழா நடக்கும்போது புதிய கோரிக்கையோடு யாராவது சப்பரத்தின் முன் வந்து நின்றால், அவரோடு வாதாடாமல், கோரிக்கையை அவர் கண் முன்னே நோட்டில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். கொடை முடிந்த நாற்பதாம் நாள் கூட்டத்தில் முதல் விஷயமாக இதையே எடுப்போம் என்று சொல்லி, அந்தத் தேதியையும் அதே பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அந்த முக்கில் தூக்குவோர் தோளிலிருந்து சப்பரம் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரையும், மேளம் நிற்காமல் பார்த்துக்கொள்ள இன்னொருவரையும் முன்கூட்டியே நியமித்து வையுங்கள்.