32 மில்லிமீட்டர் டயரும் 38 மில்லிமீட்டர் இடுக்கும்: சைக்கிளில் போகிறவர் புகார் எழுதும் முறை

என் சைக்கிள் பையில் பஞ்சர் ஒட்டும் சாமான்களோடு ஓர் அளவுநாடாவும் இருக்கிறது. மழைநீர் வடிகால் மூடி ஒன்றில் முன்சக்கரம் சிக்கி விழுந்த நாளிலிருந்து அது இல்லாமல் நான் கிளம்புவதில்லை. அந்த மூடியின் கம்பிகள் வண்டி போகிற திசையிலேயே நீளவாக்கில் இருந்தன. முழங்கை சிராய்ப்பு எரிய எரிய அன்றிரவே இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. எந்த மூடி, அதை என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் அந்த இரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை.

மறுபடி அங்கே போய் அளந்தேன். இரு கம்பிகளுக்கு நடுவே 38 மில்லிமீட்டர். என் டயரின் பக்கவாட்டில் 32-622 என்று அச்சாகியிருக்கிறது. உங்கள் டயரிலும் இப்படி ஒரு ஜோடி எண் இருக்கும், பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது, டயர் ரிம்மில் பதிந்து உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 32 அகலமுள்ள டயர் 38 அகலமுள்ள இடுக்கில் இறங்கத்தான் செய்யும். இதற்கு வாதம் தேவையில்லை. இரண்டாவது கடிதத்தை ஐந்தே வரியில் முடித்தேன்: இடமும் எதிர்க் கட்டடத்தின் கதவு எண்ணும், இரண்டு அளவுகள், விழுந்த தேதி, ஒரே ஒரு கோரிக்கை. மூடி சதுரமாக இருந்ததால், "கழற்றிக் கால் சுற்று திருப்பி வையுங்கள்" என்று கேட்டேன். கம்பிகள் குறுக்காக வந்துவிட்டால் சக்கரம் மேலேறிக் கடந்துவிடும். புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒன்பதாம் நாள் திருப்பி வைத்திருந்தார்கள். செவ்வக மூடி என்றால் திருப்ப முடியாது; மேலே குறுக்குப் பட்டைகள் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

படம் மூன்று போதும். கட்டடம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, அளவுநாடாவை வைத்து அருகிலிருந்து ஒன்று, சக்கரத்தை அந்த இடுக்கில் நிறுத்தி ஒன்று. மூன்றாவது படத்தைப் பார்த்த பிறகு யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. வண்டிகள் ஓயும் நேரம் பார்த்துப் போய் எடுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம்தான். பள்ளத்தையும் எரியாத தெருவிளக்கையும் சேர்த்து எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். புகாரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்த எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

சிக்னல் மாறாத தொல்லைக்கு முதலில் தரையைப் பாருங்கள். சில சந்திப்புகளில் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சாலையைச் சதுரமாக மெல்லிதாக அறுத்து, உள்ளே கம்பிச் சுருளைப் புதைத்து, கீறலைக் கறுப்புப் பசையால் மூடியிருப்பார்கள். மேலே உலோகம் வந்து நிற்பதை அந்தச் சுருள் உணர்ந்தால்தான் விளக்கு மாறும். சதுரத்தின் நடுவில் நிற்காமல் ஓரக் கீறலின் மேல் இரு சக்கரமும் இருக்கும்படி நில்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அப்படியும் மாறவில்லை என்றால், நாள், நேரம், எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்பதைக் குறித்து, உணர்திறனைக் கூட்டி வைக்கும்படி எழுதுங்கள். ஓரத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே செய்துவிடுகிற வேலை அது. சாலையைத் தோண்ட வேண்டியதில்லை.

கடை வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு கேட்பதற்குக் கடிதத்தைவிட நேரில் போவதே நல்லது. கூட்டம் இல்லாத வேளையில், பொருள் வாங்கிய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளரிடம் பேசுங்கள். வெறுமனே ஸ்டாண்டு வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முன்சக்கரத்தை மட்டும் செருகும் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். சைக்கிள் சாய்ந்தால் அதில் ரிம் கோணிவிடும், சைக்கிளின் பிரேமைப் பூட்டவும் வழியிருக்காது. தலைகீழ் 'ப' வடிவில் வளைத்துத் தரையில் ஊன்றிய குழாய் வேண்டும் என்று தாளில் வரைந்தே காட்டுங்கள். ஒரு குழாயில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள் நிற்கும். குழாய்களுக்கு நடுவே ஒரு மீட்டர் விடச் சொல்லுங்கள்.

பொருளில் குறை என்றால் சாட்சியத்தைக் காப்பாற்றுவதே முதல் வேலை. ஒரு கடையில் எனக்குப் புதுப் பெடல் மாட்டிக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் இடது பெடல் கழன்று விழுந்தது. நான் முரட்டுத்தனமாக மிதித்ததுதான் காரணம் என்றார்கள். பெடல் அச்சின் முனையைத் துடைத்துப் பார்த்தேன்; வலதைக் குறிக்கும் 'ஆர்' எழுத்து பொறித்திருந்தது. இடது பெடலுக்கு மரை எதிர்ச்சுற்றாக இருக்கும். வலது பெடலை இடப்பக்கம் வலுக்கட்டாயமாக முறுக்கி ஏற்றியதில், எஃகு அச்சு, பெடலைத் தாங்கும் கையான அலுமினிய கிராங்கின் மரையைச் சுரண்டித் தின்றிருந்தது. துளைக்குள் வெள்ளிச் சீவல்கள் ஒட்டியிருந்தன. அவற்றைத் தட்டிவிடாமல் அப்படியே படம் எடுத்து, பில்லையும் எழுத்தின் படத்தையும் சேர்த்து, கிராங்கையும் பெடலையும் மாற்றித் தர வேண்டும், பதிலுக்கு ஏழு நாள் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். வேறு கடையில் சரிசெய்துவிட்டு வந்து கேட்டிருந்தால் என் கையில் எதுவும் இருந்திருக்காது.

வேலை முடிந்ததும் அதே பதிவு எண்ணில் இரண்டு வரி நன்றி எழுதுங்கள். குனிந்து அந்த மூடியைத் திருப்பிய ஆளுக்கு அது போய்ச் சேர வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். குறிப்பேட்டையும் படங்களையும் அழிக்காதீர்கள். போன மாதம் அந்தச் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டவர்கள், மூடியைப் பழையபடி நீளவாக்கில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புதிய படத்தோடும் பழைய பதிவு எண்ணோடும் அதே ஐந்து வரியை மறுபடி அனுப்பினேன். இந்த முறை நான்கே நாளில் திருப்பி வைத்தார்கள்.