டைனஸ்டி வாரியர்ஸ் கண்டம் ரீபார்ன்: முதன்முறை ஆடுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

ராட்சத ரோபோவில் ஏறிக்கொண்டு ஆயிரம் எதிரிகளை வெட்டிச் சாய்க்கும் ஆட்டம் என்றதும், சதுர பட்டனை விடாமல் தட்டினால் போதும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தொடக்க மிஷன்கள் அப்படியே ஓடியும் விடும். கொஞ்ச தூரம் போனதும் சிக்கல் தொடங்கும். நீங்கள் ஒரு மூலையில் நூற்றுக்கணக்கில் வெட்டிக்கொண்டிருப்பீர்கள். வேறொரு மூலையில் உங்கள் தாய்க்கப்பல் விழுந்து மிஷன் தோற்றுப்போகும். எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பதைவிட, எந்த நேரத்தில் எந்த இடத்தில் நின்றோம் என்பதுதான் இங்கே வெற்றியைத் தீர்மானிக்கிறது. இதைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டால் இந்தத் தொடர் அலுக்கவே அலுக்காது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யோஷியுகி டோமினோ இயக்கத்தில் சன்ரைஸ் நிறுவனம் தயாரித்த 'மொபைல் சூட் கண்டம்' அனிமே, ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1979 ஏப்ரலில் தொடங்கியது. அதில் வரும் போர் எந்திரங்களுக்கு மொபைல் சூட் என்று பெயர். நாயகனின் எந்திரமான கண்டம் 18 மீட்டர் உயரம். இன்னொரு பக்கம், கோயே நிறுவனத்தின் ஒமேகா ஃபோர்ஸ் குழு சீனத்து மூன்று ராஜ்ஜியங்களின் கதையை வைத்து, ஒற்றை வீரன் ஒரு படையையே துவம்சம் செய்யும் டைனஸ்டி வாரியர்ஸ் ஆட்டங்களைச் செய்துவந்தது. இரண்டும் சேர்ந்து 2007 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3-இல் வந்ததுதான் முதல் கண்டம் முசோ (இந்தத் தொடரின் ஜப்பானியப் பெயர் இது). 2008-இல் இரண்டாவது, 2010-இல் மூன்றாவது, 2013 டிசம்பரில் நான்காவது என்று தொடர் வளர்ந்தது. அந்த நான்காவதுதான் 2014-இல் ரீபார்ன் என்ற பெயரில் ஆங்கில எழுத்துகளோடு வெளியானது.

படி 1: எதை வாங்குவது

புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக ரீபார்னுக்குப் போங்கள். 120-க்கும் மேற்பட்ட மொபைல் சூட்கள் இதில் இருக்கின்றன. கதைகளும் அனிமேயில் நடந்த வரிசையிலேயே வருகின்றன. அதனால் அனிமே பார்க்காதவர்களுக்கும் யார் யாரோடு ஏன் சண்டை போடுகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

பழைய வட்டு வாங்குவதாக இருந்தால், பிளேஸ்டேஷன் 3 ஆட்டங்களுக்குப் பொதுவாகப் பிராந்தியப் பூட்டு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். ஜப்பானிய வட்டும் உங்கள் கருவியில் ஓடும். ஆனால் மெனு முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும். ஜப்பானியப் பதிப்புகளில் வட்ட பட்டன் 'சரி', எக்ஸ் பட்டன் 'வேண்டாம்'. நமக்குப் பழக்கமானதற்கு நேர் தலைகீழ். ஆங்கிலப் பதிப்பிலும் குரல் ஜப்பானியமே, எழுத்து மட்டும் ஆங்கிலம். என்னைக் கேட்டால் அது நல்லதுதான். நாயகன் அமுரோவின் கோபத்தையும் அவனுடைய எதிரி சார் அஸ்னபிளின் நிதானத்தையும் மூலக் குரலில் கேட்பதே தனி சுகம்.

படி 2: எந்தக் கதையில் தொடங்குவது

மெனுவில் அஃபிஷியல் மோட், அல்டிமேட் மோட் என்று இரண்டு இருக்கும். இப்போதைக்கு அல்டிமேட் பக்கம் போகவேண்டாம். அஃபிஷியலில் ஆறு கதைகள்: முதல் கண்டம், 1985-இன் ஸீட்டா கண்டம், 1988-இல் வந்த சார்ஸ் கவுன்டர்அட்டாக் திரைப்படம், 2002-இன் கண்டம் சீட், அதன் தொடர்ச்சியான சீட் டெஸ்டினி, பிறகு கண்டம் யூனிகார்ன்.

முதல் கதையிலேயே தொடங்குங்கள். அமுரோ ரே என்ற சிறுவன், ஸாக்கு என்ற எதிரி எந்திரங்கள் தாக்கும்போது வேறு வழியில்லாமல் கண்டத்தில் ஏறுகிறான். நீங்களும் அவனைப் போலவே எதுவும் தெரியாமல்தான் ஏறுகிறீர்கள். பட்டன்களைப் பழக இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சிரமநிலையை நார்மலில் வையுங்கள். ஈஸியில் வைத்தால் எதிரி உங்களைத் தண்டிப்பதே இல்லை. எதையும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

படி 3: நான்கு பட்டன்கள்

சதுரம் சாதாரண வெட்டு. முக்கோணத்தைத் தனியாகத் தட்டினால் துப்பாக்கிச் சூடு. சதுரத்துக்குப் பின்னால் தட்டினால் கனமான சார்ஜ் தாக்குதல். வட்டம் எஸ்பி எனப்படும் சிறப்புத் தாக்குதல். எக்ஸ் பூஸ்ட், அதாவது உந்துவிசையில் சீறிப் பாய்வது. மீதி பட்டன்களை ஆட்டத்தை நிறுத்தி மெனுவில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நான்கில் அதிக நேரம் செலவிடவேண்டியது சதுரமும் முக்கோணமும் சேரும் இடத்தில். சதுரம் ஒருமுறை தட்டி முக்கோணம், இருமுறை தட்டி முக்கோணம், மும்முறை தட்டி முக்கோணம் என ஒவ்வொன்றுக்கும் வேறு தாக்குதல் வரும். ஒன்று எதிரியை மேலே தூக்கும், ஒன்று கூட்டத்தையே சுழற்றி எறியும், ஒன்று ஒரே ஆளைக் குறிவைக்கும். எந்திரத்துக்கு எந்திரம் இது மாறும். ஆகவே புதிய மொபைல் சூட் கிடைத்ததும் ஆபத்தில்லாத ஒரு மூலையில் நின்று ஒவ்வொரு சேர்க்கையையும் ஒருமுறை செய்துபாருங்கள். இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை தெரிந்தால் போதும்: கூட்டத்தைக் கலைக்க எது, தனி ஆளை அடிக்க எது. மற்றவை தானாகக் கைக்கு வரும்.

படி 4: பூஸ்ட்

மூன்று ராஜ்ஜிய ஆட்டங்களில் வீரன் ஓடுவான், குதிரை ஏறுவான். இங்கே குதிரைக்குப் பதில் பூஸ்ட். அதற்கென்று ஓர் அளவுக்கோடு திரையில் இருக்கும். பாயப் பாயக் குறையும், விட்டால் நிரம்பும். புதியவர்கள் எக்ஸை அழுத்தியபடியே வைத்திருந்து, கோடு முழுக்கத் தீர்ந்த நிலையில் எதிரியின் நடுவில் போய் நிற்பார்கள். அப்போது பெரிய அடி ஒன்று வந்தால் விலக வழியிருக்காது. கொஞ்சம் மிச்சம் வைத்தே எதிரியிடம் போய்ச் சேருங்கள். உங்கள் வெட்டுத் தொடர் முடிகிற கணத்தில் எக்ஸைத் தட்டி விலகிவிடும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கடினமான மிஷன்களில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

படி 5: ஃபீல்டுகள்

இதுதான் இந்தத் தொடரின் உயிர்நாடி, நிதானமாகப் படியுங்கள்.

போர்க்களம் முழுவதும் ஃபீல்டு என்ற பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வரைபடத்தில் நம்முடையவை நீலம், எதிரியுடையவை சிவப்பு. ஒவ்வோர் எதிரி ஃபீல்டுக்கும் ஓர் அளவுக்கோடு உண்டு. அந்த எல்லைக்குள் நின்று எதிரிகளை வீழ்த்தினால் அது குறையும். எல்லைக்கு ஓரடி வெளியே நின்று இருநூறு பேரை வெட்டினாலும் ஃபீல்டு அசையாது. எதிரிகள் துரத்திக்கொண்டு வெளியே வந்தால் அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளே போங்கள், அவர்களும் திரும்பி வருவார்கள்.

ஆயிரம் பேர் கணக்கில் மயங்கவேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அனிமேயின் 33-ஆம் அத்தியாயத்தில் கான்ஸ்கான் என்பவரின் படையோடு அமுரோவின் குழு மோதும்போது, மூன்றே நிமிடத்தில் பன்னிரண்டு ரிக் டாம் எந்திரங்கள் அழிந்துபோகின்றன. பெரும்பாலானவை அமுரோவின் கையில். எதிரித் தளபதி அதிர்ந்துபோகிறார். அந்தக் கதை உலகத்தில் பன்னிரண்டு என்பதே நம்பமுடியாத எண். ஆட்டத்தில் அதே பன்னிரண்டை இரண்டு பட்டன் தட்டுக்குள் வீழ்த்திவிடலாம். ஆக, எண்ணிக்கை இங்கே மலிவு. அருமையானது நேரம் மட்டுமே.

மிஷன் தொடங்கும் முன் வெற்றி நிபந்தனையும் தோல்வி நிபந்தனையும் காட்டப்படும். அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். முதல் கதையில் ஒயிட் பேஸ் கப்பல் நம் கூடவே வருகிறது. அது விழுந்தால் தோல்வி என்று நிபந்தனை சொன்னால், உங்கள் முதல் வேலை அந்தக் கப்பலைச் சுற்றியுள்ள சிவப்பு ஃபீல்டுகளை நீலமாக்குவது. தொலைவில் பெரிய எதிரி மின்னினாலும் அவன் காத்திருக்கட்டும்.

பிடிக்கும் வரிசைக்கு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் நம் தளத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அடுத்து, நம் பகுதியிலிருந்து எதிரித் தளம் நோக்கி ஒரே கோடாகப் போகும் ஃபீல்டுகள். பக்கவாட்டில் தனித்துக் கிடப்பதைக் கடைசிக்கு விட்டுவிடுவேன். மூன்றாவது ஆட்டத்தை ஆடுபவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அங்கே ஏவுகணைத் தளம், மொபைல் சூட் தொழிற்சாலை என்று தனி வேலையுள்ள ஃபீல்டுகள் உண்டு. அவை வழியிலிருந்து விலகி இருந்தாலும் முதலிலேயே போய்ப் பிடிப்பது லாபம்.

நடுவில் வானொலிக் குரல் கேட்டபடியே இருக்கும். யாரோ உதவி கேட்பார்கள், புதிய எதிரி வந்துவிட்டதாகச் சொல்வார்கள். அதை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். குரல் ஜப்பானியத்தில் என்பதால், வெட்டிக்கொண்டே கீழே ஓடும் எழுத்தையும் ஓரக்கண்ணால் படிக்கவேண்டியிருக்கும். முதலில் சிரமம், அப்புறம் பழகிவிடும். எழுத்தைத் தவறவிட்டால் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு நீல ஃபீல்டின் நிலை மோசமாகிறது என்றால் பாதியில் விட்டுவிட்டு ஓடுங்கள்.

படி 6: பெயருள்ள எதிரிகள்

சாதாரண எந்திரங்கள் கூட்டமாக நின்று வெட்டு வாங்கும். பெயரோடு வருபவர்கள் அப்படி இல்லை. தடுப்பார்கள், விலகுவார்கள், திருப்பி அடிப்பார்கள். நீல நிற கூஃப் எந்திரத்தில் வரும் ராம்பா ரால் உங்களுக்கு நல்ல ஆசிரியர். அவர் தாக்கி முடிக்கும்வரை பொறுத்து, முடித்ததும் பாய்ந்து ஒரு தொடர், பிறகு பூஸ்டில் விலகல். இதே தாளத்தில் மூன்று நான்கு முறை போனால் சாய்ந்துவிடுவார்.

கறுப்பு முக்கூட்டணி வேறு விதம். டாம் என்ற மூன்று எந்திரங்களில் வரும் அவர்களின் பலமே சேர்ந்து தாக்குவதுதான். நடுவில் மாட்டினால் ஒருவர் அடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவார். மூவரும் உங்களுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும்படி நகர்ந்துகொண்டே இருங்கள். எஸ்பி தாக்குதலைச் சேமித்து வைக்கவேண்டியது இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான். மூவரும் நெருங்கி நிற்கையில் வட்டத்தை அழுத்தினால் மூவருக்கும் சேர்த்து விழும். கூட்டாளியை அழைத்து அடிக்கும் பார்ட்னர் ஸ்ட்ரைக்கும் இங்கே கைகொடுக்கும். சாதாரண ஸாக்குக் கூட்டத்தின் மேல் இவற்றைச் செலவழிப்பது வீண்.

சிவப்பு எந்திரத்தில் சார் வரும்போது பதற்றம் வேண்டாம். அவனைத் துரத்தாதீர்கள். நீங்கள் உங்கள் ஃபீல்டைப் பிடித்துக்கொண்டிருங்கள், அவனே வருவான்.

படி 7: மொபைல் ஆர்மர்

சாலமன் கோட்டைப் போரில் எதிரித் தளபதி டோஸ்ல் ஸாபி ஓட்டிவரும் பிக் ஸாம் ஒரு மொபைல் ஆர்மர், அதாவது மொபைல் சூட்டைவிடப் பெரிய போர் எந்திரம். அது கண்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் உயரம், ஏறக்குறைய 60 மீட்டர். அனிமேயில் தூரத்திலிருந்து சுடும் பீம் கதிர்கள் அதன் கேடயத்தில் பட்டுச் சிதறிவிடும். மிக அருகில் போய்த்தான் அமுரோ அதை வீழ்த்துகிறான். ஆட்டத்திலும் ராட்சத எந்திரங்களிடம் ஒரு பொதுப் பலவீனம்: பெரிய தாக்குதலுக்கு முன் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் சுற்றி நெருங்குங்கள். அதற்கு முன்பே அக்கம்பக்கத்து ஃபீல்டுகளைப் பிடித்துவைத்திருந்தால் இடையில் வந்து தொல்லை கொடுக்கும் சிறு எதிரிகளும் குறைவு.

படி 8: வரைவுத் திட்டங்கள்

எதிரிகளை வீழ்த்தும்போது எந்திரங்களின் வரைவுத் திட்டங்கள் கிடைக்கும். தரமான திட்டம் என்றால் அதே எந்திரம் இன்னும் வலுவாக அமையும். ஆய்வகத்தில் ஒன்றோடொன்று சேர்த்து மேம்படுத்தவும் முடியும். தொடக்கத்தில் கிடைத்ததையெல்லாம் மேம்படுத்தப் பார்க்காமல், கைக்குப் பிடித்த ஒரே எந்திரத்தில் முழுச் செலவையும் போடுங்கள். எந்திரத்தை ஓட்டும் விமானியும் மிஷனுக்கு மிஷன் வளர்கிறார் என்பதால் ஒரே ஆளோடு தொடர்வது இரட்டை ஆதாயம்.

அதற்குப் பிறகு

முதல் கதை முடிந்ததும் ஸீட்டாவுக்குப் போவதே முறை. கதையின் அரசியல் கொஞ்சம் கனம். ஆனால் அமுரோவும் சாரும் என்ன ஆனார்கள் என்பது அதில்தான் தெரியும், அது தெரியாமல் கவுன்டர்அட்டாக்கின் முடிவு மனதில் பதியாது. யூனிகார்னையும் அந்த மூன்றுக்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள். கண்டம் சீட் தனி உலகம் என்பதால் அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இரண்டு கதைகளாவது முடித்த பின் அல்டிமேட் மோடைத் திறங்கள். வெவ்வேறு தொடர்களின் ஆட்கள் ஒரே களத்தில் சந்திக்கும் இடம் அது. யார் யாரென்று தெரிந்து போனால்தான் அந்தச் சந்திப்புகளுக்கு அர்த்தம். அங்கே போகும் முன் முதல் கதையின் ஒரு மிஷனை ஹார்டில் வைத்து மறுபடி ஆடிப்பாருங்கள். எல்லா ஃபீல்டுகளையும் பிடித்து, ஒயிட் பேஸைக் கீறல் விழாமல் காப்பாற்ற முடிந்தால் நீங்கள் தயார்.