எஸ்டேட் டவுனில் வைன் ருசிக்கப் பழகுவது: எட்டுப் பேர், நான்கு பாட்டில், ஒரு வாளி ஐஸ்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் வைன் கிளப் நடத்த மண்டபமோ மெம்பர் கார்டோ கிடையாது. மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், யாராவது ஒருவர் வீட்டு முன்கூடம், எட்டுப் பேர், தலைக்கு 40 வெள்ளி (ரிங்கிட்). அந்த 320 வெள்ளியில் நடுத்தர விலையில் நான்கு பாட்டில், ரொட்டி, ஐஸ் எல்லாம் அடங்கிவிடும். மூன்று வருடமாக நடக்கிறது. தாப்பாவிலும் கூலிமிலும் உள்ள நண்பர்கள் தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் நாங்கள் செய்கிற முறையை எழுதி வைக்கிறேன். 21 வயது ஆகாத தம்பி தங்கைகளுக்கு இது இல்லை, நம் நாட்டுச் சட்டமும் அதுதான்.

முதலில் அளவைப் பேசி முடித்துவிடுங்கள். நான் வளர்ந்த தோட்டத்தில் குடி என்றால் சம்சு என்ற மலிவுச் சாராயம், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. என் பெரியப்பா அப்படியே போய்ச் சேர்ந்தார். அதனால் எங்கள் கிளப்பில் முதல் நாளே வைத்த விதி, ருசி பார்க்கும்போது ஒரு பாட்டிலிலிருந்து ஒருவருக்கு 50 மில்லிதான். நான்கு பாட்டிலுக்கும் சேர்த்து 200 மில்லி. எட்டுப் பேருக்கு ஊற்றிய பிறகும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஒவ்வொரு பாட்டிலிலும் மிச்சம் இருக்கும், அது சாப்பாட்டுக்கு. துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள். எங்களிடம் இருப்பது ஒருவரின் பாட்டி வெற்றிலை போட்ட காலத்துப் பித்தளைப் படிக்கம், அது நடுவில் இருப்பதால் யாருக்கும் துப்பக் கூச்சமே வருவதில்லை. 2020-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு ஓட்டுநருக்கு வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான். அந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டாம், வந்தவர்களைக் கொண்டுபோய் விட அன்று ஒரு சொட்டும் தொடாத ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடிக் கிளாஸ் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பலூன் மாதிரிப் பெரிய கிளாஸ் வேண்டவே வேண்டாம். வாய் குறுகி, வயிறு அகன்ற 215 மில்லி ஐஎஸ்ஓ கிளாஸ் (ருசி பார்ப்பதற்கென்றே அளவு வகுத்தது) போதும், ஆளுக்கு இரண்டு. ஒன்று மட்டும் இருந்தால் ஒப்பிட முடியாது, ஒப்பிடாமல் நாக்கு எதையும் கற்றுக்கொள்ளாது. கழுவிய பிறகு வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள், அடுக்களைத் துணியால் துடைக்காதீர்கள், நெத்திலி வறுத்த வாசனை கிளாஸில் ஏறிவிடும்.

எங்களை ஏறக்குறைய கைவிட வைத்த இடம்: சூடு

முதல் கூட்டத்தில் திறந்தது ஒரு கேபர்னே சோவின்யோன். சிவப்பு வைனை அறைச் சூட்டில் பரிமாற வேண்டும் என்று படித்திருந்தோம், ஆகவே அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினோம். மூக்கைக் கொண்டுபோனால் ஸ்பிரிட் நெடி, வாயில் வைத்தால் இருமல் மருந்து. எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேர் அடுத்த மாதம் வரமாட்டோம் என்றே சொல்லிவிட்டார்கள். சில வாரம் கழித்து ஈப்போவில் ஒரு விருந்தில் அதே வைன், அதே வருடம், எனக்கு ஊற்றினார்கள். நாவல்பழமும் ஈர மண்ணும் மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. கிளாஸைத் தொட்டுப் பார்த்தேன், லேசாகக் குளிர்ந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது.

அந்த ‘அறைச் சூடு’ ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகை செல்சியஸுக்குள். நம் கூடத்தில் சாயங்காலம்கூட 30, 31. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசனை பின்னால் போய்விடும், புளிப்பு மழுங்கிவிடும். சரி, குளிர்சாதனப் பெட்டியில் 20 நிமிடம் வை என்று இன்னொரு இடத்தில் படித்தோம். அதுவும் நமக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் அந்த 20 நிமிடக் கணக்கும் அந்த ஊர் அறையிலிருந்து தொடங்குகிறது. இங்கே 31 பாகையில் இருக்கும் பாட்டில் 17-க்கு இறங்க எங்கள் வீட்டுப் பெட்டியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆனது.

இதற்கு நல்ல வழி வாளி. பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. வெறும் ஐஸ் போடாதீர்கள், கட்டிகளுக்கு இடையில் காற்றுதான் இருக்கும், தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலைச் சுற்றிக் குளிர் ஒட்டும். சிவப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், வெள்ளைக்கு 20 முதல் 25. கேக் சாமான் கடையில் விற்கும் குத்து வெப்பமானி ஒன்று வாங்குங்கள், வைனுக்காக நான் வாங்கிய பொருட்களிலேயே அதிகம் உதவியது அதுதான். சிவப்பை 15 பாகையில் ஊற்றுங்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே 18-ஐத் தொட்டுவிடும். வெள்ளை 8 முதல் 12. நம் ஊருக்கு இது ஒன்று கைவந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

வாங்கும்போதும் சூட்டைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிச் சன்னல் ஓரம் வெயில் படும் அடுக்கில் நிற்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுவென்று கசிவு இருந்தாலோ அது வெந்துபோன வைன். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது திருகு மூடிதான். மலிவு சரக்கு என்று நினைக்காதீர்கள், ஆஸ்திரேலியாவில் கிளேர் பள்ளத்தாக்கில் ரிஸ்லிங் என்ற வெள்ளை வைன் தயாரிப்பாளர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே சேர்ந்து அதற்கு மாறினார்கள். ஈப்போவிலிருந்து கொண்டுவரும்போது காரின் பின்பெட்டியில் சும்மா போடாமல் மீன் வாங்கப் போகும் ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

மூக்குக்குப் பாடம்

பாட்டில் பின்னால் ‘பிளாக்கரண்ட்’, ‘கூஸ்பெரி’ என்று எழுதியிருக்கும். எங்களில் யாரும் அந்தப் பழங்களைச் செடியில் பார்த்ததில்லை. ஆறு மாதம் அதைத் தேடித் தேடிக் களைத்தோம். அப்புறம் குழுவில் ஒரு அக்கா, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நமக்குத் தெரிந்ததை முகர்ந்து பழகுவோம் என்று சொன்னார். காலைச் சந்தையில் கொய்யா, லைச்சி, பச்சைக் குடைமிளகாய், தேங்காய் வாங்கினோம். வீட்டிலிருந்து மிளகு, கிராம்பு. ஒவ்வொன்றையும் தேநீர்க் கோப்பையில் போட்டுத் தட்டால் மூடி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தோம். பிறகுதான் வைன்.

நியூசிலாந்து சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளை வைனை ஊற்றியதும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ‘கொய்யா’ என்றார்கள். நன்றாகப் பழுத்து வீடெல்லாம் மணக்குமே, அந்தக் கொய்யா. கூடவே பச்சைக் குடைமிளகாய், அந்த மணத்துக்கான பைரசின் என்ற பொருள் காய், வைன் இரண்டிலுமே உண்டு. கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை வைனில் லைச்சி, ரோஜா இரண்டும் வரும், அவையும் ஒரே சேர்மத்தால் வருபவைதான். ஷிராஸ் என்ற சிவப்பு வைனில் மிளகு மணம் கற்பனை இல்லை, மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன்தான் அதிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டுபிடித்தார்கள். கிராம்பும் தேங்காயும் ஓக் பீப்பாயிலிருந்து வருகின்றன. கலிஃபோர்னியாவில் வைன் ஆய்வாளர் ஆன் நோபல் 1984-இல் வெளியிட்ட வாசனைச் சக்கரம், அதாவது வைன் வாசனைகளை வட்டமாக வகைப்படுத்திய படம், நல்ல கருவி, அதன் வட்ட அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மணிலா அட்டையில் எங்கள் சக்கரத்தை வரைந்தோம். அதில் நெல்லிக்காய், புளி, கருப்பட்டி, வெட்டிவேர், மழைக்குப் பின் பால்மரக்காட்டு மண் எல்லாம் இருக்கின்றன. உங்கள் ஊர்ச் சக்கரம் வேறு மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

கிளாஸைச் சுழற்றுவதற்கு முன் ஒரு தடவை, சுழற்றிய பின் ஒரு தடவை முகருங்கள். சில பாட்டில்கள் திறந்ததும் எரிந்த ரப்பர் நெடி அடிக்கும், கொஞ்சம் காற்றுப் பட்டால் பெரும்பாலும் போய்விடும். மல்லிகைப்பூ, அத்தர், தைலம் அன்றைக்கு வேண்டாம். ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில் கொசுவர்த்தி கொளுத்தி வைத்திருந்தார், நான்கு பாட்டிலும் ஒரே வாசனையாகத்தான் இருந்தன. செம்பனை ஆலைப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் நாங்கள் உள் அறைக்குப் போய்விடுகிறோம்.

வாயில் என்ன கவனிக்க வேண்டும்

இங்கே தமிழ் நமக்குப் பெரிய உதவி. டானின் என்பதை ஆங்கிலத்தில் விளக்கப் பாடுபடுகிறார்கள், நமக்கு அது பாக்கு மென்ற எவருக்கும் தெரிந்த துவர்ப்பு, அறுசுவையில் ஒன்று. ஒரு கிளாஸில் எலுமிச்சைத் தண்ணீர், இன்னொன்றில் சீனி போடாமல் நெடுநேரம் ஊறிய தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதைக் குடித்தால் கன்னத்தின் உள்பக்கம் எச்சில் ஊறும், அது புளிப்பு. இரண்டாவதில் ஈறு காய்ந்து இழுக்கும், அது துவர்ப்பு. இப்போது வைனை வாயில் ஐந்தாறு வினாடி உருட்டி, ஊறுகிறதா, இழுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொண்டையில் சுடுவது ஆல்கஹால். இனிப்பா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் பருகுங்கள், பழ வாசனையை இனிப்பு என்று எண்ணிக்கொள்வது அப்போது தெளிந்துவிடும்.

நான்கில் இரண்டு பாட்டிலை நாளிதழில் சுற்றி மறைத்து ஊற்றுகிறோம். பிரான்சின் போர்தோவில் 54 வைன் மாணவர்களுக்குச் சிவப்பு நிறம் சேர்த்த வெள்ளை வைனைக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு வைனுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள் என்று 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. படித்துத் தேர்ந்தவர்களுக்கே கண் முந்திக்கொள்கிறது என்றால் விலையும் லேபலும் நம்மை எவ்வளவு இழுக்கும்! ருசித்ததை ஒவ்வொருவரும் தாளில் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது, அதையும் விதியாக்குங்கள். இல்லாவிட்டால் உரக்கப் பேசுகிறவர் சொன்னதே எல்லார் தாளிலும் வந்துவிடும்.

சாப்பாடு கடைசியில்தான். ஆட்டிறைச்சிப் பெரட்டலின் கொழுப்பு சிவப்பின் துவர்ப்பை அடக்கும், ஆனால் மிளகாயைக் குறையுங்கள், காரமும் ஆல்கஹாலும் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். காரமான மீன் சம்பலுக்குக் கொஞ்சம் இனிப்புள்ள ரிஸ்லிங்கை நான் எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன்.

பிறகு சேர்த்தது: கூலிம் நண்பர் ஒருவர், ஒரு பாட்டில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வீசுகிறது, குளிர வைத்தும் சுழற்றியும் போகவில்லை என்று எழுதினார். அது சூடு இல்லை, கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற வேதிப்பொருள். குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அந்த வாசனை போகாது. மூடியோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: முதல் கூட்டத்துக்கு எந்த நான்கு என்று பலரும் கேட்கிறார்கள். நியூசிலாந்து சோவின்யோன் பிளாங், இனிப்புத் தங்கிய ஜெர்மன் ரிஸ்லிங், பினோ நுவார் என்ற சிவப்பு, ஆஸ்திரேலிய ஷிராஸ், இதே வரிசையில். வெள்ளை இரண்டும் கடந்த இரண்டு மூன்று வருட அறுவடையாக இருக்கட்டும். மிச்சத்தை மூடி, சிவப்பானாலும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். வாளி ஐஸை மட்டும் முதல் ஆள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே வாங்கி வையுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கத்துக் கடையில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.