கூரை சோலார் மானியம்: பணம் எந்த இடத்தில் கைநழுவுகிறது?

பிஎம் சூர்யகர் திட்டத்தில் வீட்டு மாடியில் ஒரு கிலோவாட் போட்டால் ரூ.30,000, இரண்டு போட்டால் ரூ.60,000, மூன்றோ அதற்கு மேலோ போட்டால் ரூ.78,000 ஒன்றிய அரசின் மானியமாகக் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் ரூ.75,021 கோடி மதிப்பில் ஒப்புதல் பெற்ற இந்தத் திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்குமானது. விதிகள் கடினமானவை அல்ல. இருந்தும் பேனல் மாட்டிய பிறகு மானியத்துக்கு அலைகிறவர்கள் உண்டு. முதலில் வேலையை முடித்துவிட்டு அப்புறம் விதியைப் படிப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் சிக்கல் இபி அட்டையிலேயே தொடங்குகிறது. விண்ணப்பிப்பவர் பெயரில் மின் இணைப்பு இருக்க வேண்டும். நம் ஊரில் பாதி வீடுகளில் அது தாத்தா பெயரிலோ, வீட்டை விற்றவர் பெயரிலோ கிடக்கும். சோலார் மாட்டித் தரும் வெண்டரிடம் பேசுவதற்கு முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். மானியம் வந்து சேரும் வங்கிக் கணக்கும் அதே பெயரில், அதே எழுத்துகளோடு இருக்கட்டும். இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலும் பணம் நின்றுவிடலாம்.

அடுத்தது வரிசை. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு, ஒப்புதல், அங்கே பதிவு பெற்ற வெண்டர் மூலம் நிறுவுதல், நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரத்தையும் நீங்கள் வெளியே அனுப்புவதையும் அளக்கும் மீட்டர்), மின்வாரிய ஆய்வு, கடைசியாக மானியக் கோரிக்கை. தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிட்டு அப்புறம் பதிந்துகொள்ளலாம் என்றால் நடக்காது. 10 கிலோவாட் வரை, அந்த இணைப்பில் சோலார் சேர்க்க முடியுமா என்று மின்வாரியம் பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு தனியாகக் கிடையாது என்பதால் வீடுகளுக்கு இதில் தாமதம் குறைவு.

பேனல் வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பதுதான் அதிகம் வலிக்கும் தவறு. மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை ‘டிசிஆர் பேனல்’ என்பார்கள். இறக்குமதி செல்லை இங்கே பேனலாக அடுக்கி ‘மேட் இன் இந்தியா’ என்று ஒட்டியிருப்பது கணக்கில் வராது. அது விலை குறைவாக இருப்பதால்தான் சில கொட்டேஷன்கள் அவ்வளவு கவர்ச்சியாகத் தெரிகின்றன. கொட்டேஷனில் ‘டிசிஆர்’ என்று எழுதி வாங்குங்கள். பேனலை மேலே ஏற்றுவதற்கு முன்பே வரிசை எண்களைப் படம் எடுத்துவையுங்கள். மாட்டிய பிறகு பின்பக்கத்தைப் படிக்க முடியாது.

கிலோவாட் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பேனல்களின் மொத்தத் திறன், அந்த மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் திறன், இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். இரண்டு கிலோவாட்டுக்கு மேல், மூன்று வரை, கிலோவாட்டுக்கு ரூ.18,000 என்பது கணக்கு. 540 வாட் பேனல் ஐந்து போட்டால் 2.7 கிலோவாட். இன்வெர்ட்டர் 3 கிலோவாட்டாக இருந்தாலும் கிடைப்பது ரூ.72,600. ஆறாவது பேனல் சேர்த்தால் 3.24 ஆகி, முழு ரூ.78,000 கிடைக்கும். அதே ஆறு பேனலோடு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டரைக் கட்டிவிட்டால் ரூ.69,000தான்.

அதற்காக எல்லோரும் மூன்று கிலோவாட் போட வேண்டும் என்பதில்லை. ஒரு கிலோவாட் நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த படியும் மலிவு. இரு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீட்டில் போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடு வேறு; அங்கே கீழ்ப்படிகளின் சலுகையும் போய்விடுவதால் ஒவ்வொரு சோலார் யூனிட்டும் நல்ல பணம். கடைசி ஆறு பில்லை எடுத்துவைத்துத் திறனை முடிவு செய்யுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் இறங்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, ‘மானியம் போக இவ்வளவு’ என்ற கொட்டேஷனை நம்பித் திட்டமிடாதீர்கள். வழக்கமான முறையில் முழுத் தொகையையும் நீங்கள்தான் முதலில் கட்ட வேண்டும். மானியம் ஆய்வெல்லாம் முடிந்து பிறகுதான் உங்கள் கணக்குக்கு வரும். கையில் பணம் இல்லையென்றால் 3 கிலோவாட் வரை ரூ.2 லட்சம் பிணையில்லாக் கடனைப் பொதுத்துறை வங்கிகள் தருகின்றன. பேட்டரிக்கு மானியம் இல்லை. மின்வாரியக் கம்பியோடு (கிரிட்) இணைக்காத அமைப்புக்கும் இல்லை. ஐந்து ஆண்டுப் பராமரிப்பு வெண்டரின் பொறுப்பு. அதை ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்குங்கள்.

அடுக்குமாடிகள்

குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொது வசதிகளுக்காகக் கிலோவாட்டுக்கு ரூ.18,000 உண்டு. வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில், அதிகபட்சம் 500 கிலோவாட் வரை. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது என்பதால் லாபம் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான். 15 கிலோவாட்டுக்கு ரூ.2,70,000 வரும்.

ஆனால் பல கட்டடங்களில் பொது இணைப்பு இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கிறது. சங்கம் பதிவாகியிருக்காது, அல்லது புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் பொருளாளரின் சொந்தப் பெயரில் ஓடும். இதையெல்லாம் சரிசெய்யவே மாதங்கள் பிடிக்கும், ஆகவே முதல் வேலை இதுதான். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. பொதுக்குழுவைக் கூட்டி, எவ்வளவு இடம், யார் பங்கு எவ்வளவு, கசிவு வந்தால் யார் செலவு என்பதைத் தீர்மானத்தில் பதியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கட்டைவிரல் காட்டியது தீர்மானம் ஆகாது. 10 கிலோவாட்டைத் தாண்டினால் மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஒப்புதல் தேவை. அது கைக்கு வரும்வரை வெண்டருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

வீடு அல்லாதவை

பள்ளி, கடை, கோயில், பட்டறை எதற்கும் இந்த மானியம் பொருந்தாது. குடியிருப்புக்கு மட்டும்தான். தெரியாமல் விண்ணப்பித்து ஆறு மாதம் காத்திருப்பது வீண்.

ஊராட்சிகளுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. எல்லைக்குள் நிறுவப்படும் ஒவ்வொரு கூரை சோலாருக்கும் உள்ளாட்சிக்கு ரூ.1,000 ஊக்கத்தொகை உண்டு. மாதிரி சூரிய கிராமப் போட்டியில் மாவட்டத்துக்கு ஒரு கிராமம் ரூ.1 கோடி பெறலாம். 5,000 பேருக்கு மேல் வாழும் வருவாய்க் கிராமங்கள்தான் போட்டியிடலாம் (சில சிறப்பு மாநிலங்களில் 2,000). மாவட்டக் குழு பட்டியலை அறிவித்த ஆறு மாதம் கழித்து, எங்கே அதிகத் திறன் நிறுவப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அறிவிப்பு வந்த பிறகு வீடு வீடாகப் பெயர் மாற்றத்தைத் தொடங்கினால் ஆறு மாதமும் அதிலேயே கரைந்துவிடும்.

சிறு தொழிற்கூடங்களுக்கு 2025 ஜூலையில் எரிசக்தித் திறன் பணியகத்தின் அடீட்டி திட்டம் வந்தது. மின் சிக்கனக் கருவிகளுக்கான கடன் வட்டியில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதமும், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் சலுகை. முதலில் எரிசக்தித் தணிக்கை, அதன்மேல் திட்ட அறிக்கை, அப்புறம் கடன், அதன் பிறகுதான் கம்ப்ரஸரோ மோட்டாரோ வாங்க வேண்டும். கருவியை முதலில் இறக்கிவிட்டால், அதற்கு முன் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதற்கான அளவீடு கையில் இருக்காது. எவ்வளவு மிச்சம் என்று தணிக்கையாளரால் காட்டவும் முடியாது.