நாலாயிரம் ரூபாய்ச் சட்டை மூன்றாவது துவையோடு தம்பிக்குப் போன கதை

பார்சல் வந்த அன்றே போட்டுப் பார்த்தேன். கனமான ஆக்ஸ்ஃபோர்டு காட்டன், வெளிர் நீலம், சிப்பிப் பட்டன், தையலில் எங்கேயும் ஒரு பிசிறு கிடையாது. காலர் பட்டனைப் போட்டால் கழுத்தோடு அளவாக நிற்கிறது, கை சரியாக மணிக்கட்டு எலும்பில் முடிகிறது. அந்தச் சந்தோஷத்தில் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு அன்று சாயங்காலமே ஒரு ரிசப்ஷனுக்குப் போட்டுக்கொண்டு போனேன். மூன்று துவை முடிந்ததும் மேல் பட்டனைப் போட்டால் மூச்சு முட்டியது, கையை நீட்டினால் கஃப் வாட்சைத் தாண்டி மேலே ஏறியது. தெருமுனை டெய்லர் அண்ணனிடம் எடுத்துப் போனேன். உள்ளே வெளியே புரட்டிப் பார்த்துவிட்டு, “லூஸா இருந்தா பிடிச்சுத் தரலாம் தம்பி. டைட்டா இருந்தா நான் எங்க போயி துணி கொண்டு வர்றது?” என்றார். சட்டை தம்பிக்குப் போனது.

விற்றவர் மேல் தவறு சொல்ல முடியாது. புதுசில் கச்சிதமாக இருந்ததைப் பார்த்து ஏமாந்தது நான்தான். தறியிலும் அதற்குப் பிந்தைய வேலைகளிலும் நூல் இழுத்துப் பிடிக்கப்பட்டே இருக்கிறது, முதல் முறை தண்ணீரில் நனையும்போதுதான் அது தளர்ந்து தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புகிறது. நல்ல காட்டன்கூட முதல் சில துவைகளில் 3 சதவீதம் சுருங்குவது சாதாரணம். மூன்றுதானே என்று நினைக்காதீர்கள். 64 செ.மீ. கையில் அது கிட்டத்தட்ட 2 செ.மீ., 40 செ.மீ. காலரில் 1.2 செ.மீ., அதாவது ஏறக்குறைய அரை இன்ச். கழுத்தில் அரை இன்ச் என்பது போடக்கூடிய சட்டைக்கும் போட முடியாத சட்டைக்கும் நடுவே உள்ள தூரம். அதனால் துவைக்காத காட்டன் சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது காலருக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும், கை கட்டைவிரலின் அடி வரை இறங்கி நிற்க வேண்டும். கண்ணாடியில் கொஞ்சம் பெரிசாகத் தெரியும், தெரியட்டும்.

“இது சான்ஃபோரைஸ்டு துணி” என்று எழுதியிருந்தால் நிம்மதிதான். 1930-இல் சான்ஃபோர்டு க்ளூவெட் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய முறை அது. துணியை ஈரப்படுத்தி, ரப்பர் பட்டையில் அழுத்தி, ஆலையிலேயே சுருங்க வைத்துவிடுவார்கள், வீட்டுக்கு வந்தபின் சுருங்குவது 1 சதவீத அளவில் நின்றுவிடும். “ப்ரீ-ஷ்ரங்க்” என்று மட்டும் போட்டிருந்தால் குறைவாகச் சுருங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், சுருங்கவே சுருங்காது என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது சைஸ் எண். நம் ஊர் ஆண்கள் சட்டையில் இது பெரிய குழப்பம், ஏனென்றால் ஒரே எண் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறது. ஃபார்மல் சட்டைகளில் 38, 39, 40, 42, 44 என்று வருமே, அது கழுத்தளவு, செ.மீ.யில். 39 என்று ஓர் ஒற்றைப்படை எண் நடுவில் எப்படி வந்தது என்று யோசித்ததுண்டா? 39 செ.மீ. என்றால் சுமார் பதினைந்தரை இன்ச் காலர், அதனால்தான். கேஷுவல் சட்டைகளில் 38, 40, 42 என்று இருப்பது பெரும்பாலும் மார்பளவு, இன்ச்சில். ஆக 40 போடுகிறவர் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொண்டால் எந்த 40 என்று கேட்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் கோட் வாங்கினால் இன்னொரு கணக்கு: இத்தாலிய 50 என்பது அமெரிக்க, பிரிட்டிஷ் 40. ஜப்பான் எம் அமெரிக்க எம்மைவிடச் சிறிசு. இந்திய உடம்புக்கென்று ஒரு பொது அளவுப் பட்டியல் வேண்டும் என்று ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் “இந்தியாசைஸ்” என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்களை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளக்கும் வேலையைக் கையில் எடுத்தது. அந்தப் பட்டியல் எல்லா லேபிளிலும் ஏறுகிறவரை எஸ், எம், எல் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறத்தான் செய்யும்.

சரி, என்ன செய்வது? பலர் இன்ச் டேப்பை எடுத்து உடம்பைச் சுற்றுகிறார்கள். மூச்சை இழுத்து, வயிற்றை உள்ளே தள்ளி, கண்ணாடி முன் நின்று எடுத்த அளவு அது, அதற்கு மரியாதையே கிடையாது. உங்களிடம் இருக்கும் சட்டைகளில் எதைப் போட்டால் வீட்டில் நாலு பேர் “நல்லா இருக்கே” என்கிறார்களோ, பலமுறை துவைத்து அடங்கிப்போன அந்தச் சட்டையை எடுத்து, பட்டன் எல்லாம் போட்டு, டைனிங் டேபிளில் மல்லாக்கப் போட்டு, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு அளந்துகொள்ளுங்கள். ஓர் அக்குளிலிருந்து இன்னோர் அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, தோள் தையலிலிருந்து கஃப் முனை வரை, பின்னால் காலருக்குக் கீழிருந்து அடி வரை. காலரை விரித்துப் பட்டன் நடுவிலிருந்து காஜா வரை. அவ்வளவுதான். இந்த ஐந்து எண்ணையும் போனில் குறித்து வைத்துக்கொண்டு, தளத்தில் “கார்மென்ட் மெஷர்மென்ட்” என்று போட்டிருக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

“பாடி மெஷர்மென்ட்” என்று இருந்தால் நிறுத்துங்கள், அது உடம்பின் அளவு, துணியின் அளவு இல்லை. மார்பு 40 இன்ச் உள்ளவருக்கு என்று தைத்த சட்டையைச் சுற்றி அளந்தால் 44, 45 இன்ச் இருக்கும், மூச்சு விடவும் கையைத் தூக்கவும் அந்த இடைவெளி வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு “சட்டை 44 இன்ச் இருக்கிறது, எனக்கு 40 போதும்” என்று இரண்டு சைஸ் கீழே இறங்கி ஆர்டர் போட்டவர்களை எனக்குத் தெரியும். கை நீளத்திலும் இதே வில்லங்கம் உண்டு: சிலர் தோளிலிருந்து அளப்பார்கள், சிலர் பின்கழுத்தின் நடுவிலிருந்து. 25 இன்ச் எங்கே, 34 இன்ச் எங்கே. பட்டியலில் 34 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது முதுகையும் சேர்த்த கணக்கு.

இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் தோளைப் பார்த்து முடிவு எடுங்கள். சைடைப் பிடிக்கலாம், உயரத்தை வெட்டலாம், கையைக்கூடச் சுருக்கலாம், தோள் தையலைத் தொட்டால் காலர், கை எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும், புதுச் சட்டையே தைத்துவிடலாம். தோள் எலும்பின் முனையில் தையல் உட்கார்ந்துவிட்டால் மற்றதை டெய்லர் பார்த்துக்கொள்வார்.

பேன்ட்டுக்கு வருவோம். லேபிளில் 32 என்று இருக்கும், டேப் வைத்தால் 34 காட்டும். வாங்குகிறவர் மனசு குளிரட்டும் என்று கம்பெனிகள் செய்கிற வேலை இது. இதிலும் பழைய பேன்ட்டை விரித்து அளப்பதுதான் வழி, இடுப்போடு நிறுத்தாமல் சீட், தொடை, பாட்டம், முன்பக்க ரைஸ் எல்லாவற்றையும் எடுங்கள். தொடைகள் சேரும் தையலிலிருந்து மேலே இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம்தான் ரைஸ், அதை யாரும் பார்ப்பதில்லை. இடுப்பு சரியாக இருந்தும் உட்கார்ந்தால் இழுக்கிற பேன்ட் எல்லாம் ரைஸ் குறைந்த பேன்ட். போட்டுப் பார்க்கும்போது நின்று பார்த்தால் போதாது, சாப்பிட்ட பிறகு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

டி-ஷர்ட்டில் அகலத்தைவிட உயரம் சீக்கிரம் குறையும், பின்னல் துணியின் சுபாவம் அது. திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் காம்பேக்டிங், அதாவது பின்னல் துணியை ஆலையிலேயே அழுத்திச் சுருங்க வைக்கும் வேலை, ஒழுங்காகச் செய்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) எவ்வளவு என்று பெருமையாக எழுதும் தளங்கள் இதை எழுதுவதில்லை.

ஆல்ட்ரேஷன் விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு. திருப்பி அனுப்பப் போவதில்லை என்று முடிவான பிறகு முதலில் துவையுங்கள், காய வையுங்கள், இஸ்திரி போடுங்கள், அப்புறம் டெய்லரிடம் போங்கள். முடிந்தால் இரண்டு துவை. புது சினோஸின் பாட்டத்தை வந்த அன்றே அளந்து வெட்டினால் தீபாவளிக்குள் கணுக்கால் தெரியும். வெட்டுகிறவரிடம் உள்மடிப்பில் ஓர் இன்ச் துணி விடச் சொல்வதும் நல்லது.

இனி துவைப்பது. நல்ல துணி கெட்டுப்போவது போடுவதால் அல்ல, அழுக்கை எடுக்கிறேன் என்று நாம் செய்யும் அட்டகாசத்தால்தான். உள்ளே தைத்திருக்கும் குட்டி லேபிளில் வாளிப் படம் இருக்கும்: உள்ளே ஒரு புள்ளி என்றால் 30 டிகிரி, இரண்டு என்றால் 40. வாளிக்குக் கீழே கோடு இருந்தால் மெதுவான சுற்று. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி என்றால் ப்ளீச் கூடாது. வட்டம் ட்ரை கிளீனிங். 30 டிகிரி என்றால் பச்சைத் தண்ணீர்தானே என்று நினைப்போம். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். அதைப் பச்சைத் தண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோடையில் நல்ல துணிக்குக் காலையில் பிடித்த தண்ணீர்தான்.

ராத்திரி முழுக்கப் பவுடரில் ஊற வைப்பது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். வெள்ளை வேட்டிக்குச் சரி. சாயம் போட்ட லினனுக்கும் சிப்பிப் பட்டனுக்கும் சரியில்லை, அரை மணி நேரம் போதும். காலர் அழுக்குக்கு பிரஷ் போட்டுத் தேய்த்தால் மடிப்பில் நூல் பிய்ந்து வெள்ளையாகப் பஞ்சு தெரியும், சட்டை அத்தோடு முடிந்தது. விரலால் கொஞ்சம் திரவ சோப்பைத் தடவிப் பத்து நிமிஷம் விட்டால் தானே இளகும். வெள்ளைச் சட்டையின் அக்குள் மஞ்சளாகிறதே, அது வியர்வையும் டியோடரன்ட்டில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து செய்வது. அதன் மேல் குளோரின் ப்ளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். ஆக்ஸிஜன் ப்ளீச் என்று கிடைக்கும் பவுடரை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற வையுங்கள்.

போர் தண்ணீர் வீடுகளில் இன்னொரு தொல்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்புக் கட்டியோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் துணியில் உட்கார்ந்துகொள்கிறது. துணி விறைத்துப் போகும், கறுப்புச் சட்டை சாம்பல் பூத்த மாதிரி ஆகும். நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்பு போடுவார்கள், படிவு இன்னும் கூடும். கட்டி சோப்பை விட்டுத் திரவ டிடர்ஜென்ட்டுக்கு மாறி, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஒதுக்கினால் வித்தியாசம் கையில் தெரியும்.

சாயம் போவதைப் பற்றி மெட்ராஸ் பெயரிலேயே ஒரு கதை உண்டு. 1958-இல் பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கிருஷ்ணன் நாயர், கைத்தறி மெட்ராஸ் செக்டு துணியை ஓர் அமெரிக்க வியாபாரிக்கு விற்றார். குளிர்ந்த நீரில் மெதுவாக அலசணும் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அந்தச் சேதி, அந்தத் துணியில் சட்டை தைத்து விற்ற ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கடையில் சட்டை வாங்கியவர்கள் வரை போகவில்லை, வாஷிங் மெஷினில் போட்டுச் சாயம் ஒன்றோடொன்று கலந்து ஒரே ரகளை. கடைசியில் “சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்” என்றே விளம்பரம் செய்து, அதையே ஃபேஷனாக்கி விற்றார்கள். உங்களுக்கு அப்படி ஒரு விளம்பரக்காரர் கிடைக்கப் போவதில்லை. புதுத் துணியின் உள்பக்க ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் நாலைந்து துவைக்கு அது தனி வாளி.

ஜீன்ஸ் சங்கதி வேறு. அதன் நீலச் சாயமான இண்டிகோ நூலின் மேல்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கும், நடு நூல் வெள்ளையாகவே இருக்கும், அதனால்தான் உரசின இடம் வெளுக்கிறது. துவைக்காமலே ஆறு மாதம் போட வேண்டும் என்று ரா டெனிம் (சாயம் போட்டபின் ஆலையில் துவைக்காத ஜீன்ஸ் துணி) ரசிகர்கள் சொல்வார்கள். லீவைஸ் தலைவராக இருந்த சிப் பெர்க்கே 2014-இல் தன் ஜீன்ஸ் ஒரு வருஷமாகத் துவைக்காதது என்று மேடையில் சொன்னார். சொல்லலாம். அவர் ஜூன் மாதம் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போகிறவர் இல்லை. வியர்வையும் மண்ணும் தொடை இடுக்கில் அரைத்து அரைத்து அங்கேதான் முதலில் கிழியும். ஆறேழு தடவை போட்டதும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் கையால் அலசிவிடுங்கள். ஃபேடு அதுபாட்டுக்கு வரும்.

ஊட்டிக்கு என்று மெரினோ ஸ்வெட்டர் வாங்கியவர்களுக்கு: கம்பளி இழையில் மீன் செதில் மாதிரி செதில் உண்டு, சூடும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு துணி நமத்த அப்பளம் போல் தடித்துச் சுருங்கும். அதற்கு மருந்தே இல்லை. என்சைம் கலந்த சாதாரணப் பவுடரும் வேண்டாம், புரதக் கறையைத் தின்பதற்காகப் போட்ட என்சைமுக்குக் கம்பளியும் புரதம்தான். கையால் அமுக்கி அலசி, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, கட்டிலில் விரித்துக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் முட்டி வரை நீளும்.

கடைசியாகக் கொடியும் இஸ்திரியும். கலர் துணி எல்லாம் உள்பக்கம் வெளியே தெரிய நிழலில். வெள்ளைக்கு மட்டும் வெயில். நல்ல சட்டையை இஸ்திரி வண்டிக்கு அனுப்பினால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: காலருக்குள் பசையால் ஒட்டிய கேன்வாஸ் இருக்கிறது, கரிப்பெட்டியின் முழுச் சூடும் இறங்கினால் பசை விட்டுக் காலரில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் எழும். லினனை லேசான ஈரத்தோடு கொடுங்கள், முழுக்கக் காய்ந்தபின் எந்த அண்ணன் தேய்த்தாலும் சுருக்கம் போகாது. லினனுக்குக் கஞ்சி போடச் சொல்லி அம்மா கேட்பார், ஒரே மடிப்பில் மறுபடி மறுபடி மடித்தால் அந்தக் கோட்டிலேயே நூல் முறியும் என்று சொல்லிப் பாருங்கள். என் அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் லினன் சட்டைகளை மட்டும் மடிக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுகிறேன்.