முதன்முறையாக லக்சம்பர்க் செல்வோருக்கு: தங்குமிடம் ஒன்று, பயணங்கள் பல

லக்சம்பர்க்கின் மொத்தப் பரப்பளவு 2,586 சதுர கிலோமீட்டர்தான். வடமுனையிலிருந்து தென்முனைக்கு ஏறத்தாழ 82 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 57 கிலோமீட்டர். பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளுக்கும் இடையில் அமைந்திருப்பதால், ப்ரஸ்ஸல்ஸ், பாரிஸ் பயணத்துக்கு நடுவே ஒரு பகலை இதற்கு ஒதுக்கினால் போதும் என்று பெரும்பாலானோர் திட்டமிடுகிறார்கள். தலைநகரை மேலோட்டமாகப் பார்ப்பதற்கு அது போதும்தான். ஆனால் இந்த நாட்டின் அழகான பகுதிகள் தலைநகருக்கு வெளியே, வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. ஆகவே தலைநகரில் ஒரே விடுதியில் மூன்று இரவுகள் தங்கி, ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு திசையில் சென்று மாலையில் திரும்புவதே முதன்முறை செல்வோருக்கு ஏற்ற முறை என்பது என் கருத்து. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மாறுவதற்கு இங்கே தேவையே இல்லை.

இந்த முறையை எளிதாக்குவது இலவசப் பொதுப் போக்குவரத்து. 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் ரயில், டிராம், பேருந்து ஆகிய மூன்றிலும் கட்டணம் கிடையாது. நாடு முழுவதற்கும் இப்படிச் செய்த முதல் நாடு இதுதான். இந்தச் சலுகை குடிமக்களுக்கு மட்டுமல்ல, வந்து இறங்கும் பயணிக்கும் உண்டு. பயணச்சீட்டோ, அட்டையோ, பதிவோ எதுவும் வேண்டாம். வண்டியில் ஏறி உட்கார வேண்டியதுதான். 2025 மார்ச் முதல் ஃபின்டல் விமான நிலையத்திலிருந்தே டிராம் புறப்படுவதால், விமானத்திலிருந்து இறங்கியவர் கிர்ச்பெர்க், பழைய நகரம், மத்திய ரயில் நிலையம் எனத் தன் விடுதி இருக்கும் பகுதிக்கு ஒரு காசும் செலவழிக்காமல் போய்ச் சேரலாம். நேர அட்டவணைக்கு ‘மொபிலிடேட்’ என்ற அரசுச் செயலி ஒன்றே போதுமானது. கோடை விடுமுறைக் காலத்தில் தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில ரயில் பாதைகளை மூடி மாற்றுப் பேருந்து விடுவது வழக்கம் என்பதால், புறப்படும் நாளன்று காலையில் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இலவசத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ரயிலில் முதல் வகுப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். பெட்டியின் மீதுள்ள எண்ணைக் கவனிக்காமல் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாது. அடுத்தது நாட்டின் எல்லை. ஜெர்மனியின் ட்ரியர், பிரான்சின் மெட்ஸ், பெல்ஜியத்தின் ஆர்லோன் ஆகிய ஊர்களுக்குப் போகும் ரயில்களில் எல்லைக்கு அப்பால் உள்ள தூரத்துக்குச் சீட்டு வாங்கியாக வேண்டும். இந்த மூன்று நாடுகளிலிருந்தும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அன்றாடம் வேலைக்காக லக்சம்பர்க் வந்து போகிறார்கள். எனவே காலை எட்டு மணியை ஒட்டியும் மாலை ஐந்து மணியை ஒட்டியும் எல்லையோர ரயில்களில் நிற்க இடம் கிடைப்பதே அரிது. பத்து மணிக்குப் பிறகு கிளம்பினால் அதே ரயிலில் சாளர ஓரத்தில் அமரலாம்.

விசா விஷயத்தில் சிறிய நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பல நாடுகளுக்குப் போகும் பயணமானால், எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். பாரிஸில் ஐந்து நாள்கள், லக்சம்பர்க்கில் மூன்று நாள்கள் என்று திட்டமிட்டவர் பிரான்சிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்வதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதிக்குள் எல்லைச் சோதனை இல்லை என்று நம்பிக் கடவுச்சீட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் மேற்கு எல்லைகளிலும் சோதனை நடத்தத் தொடங்கியது, ட்ரியருக்குப் போகும் பேருந்தும் அதற்கு விலக்கல்ல.

தங்குமிடம்தான் இந்தப் பயணத்தின் பெருஞ்செலவு. வங்கிகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்களும் நிறைந்த நகரம் என்பதால், மற்ற சுற்றுலா நகரங்களுக்கு நேர்மாறாக இங்கே வார நாள்களில் அறை வாடகை உயர்ந்தும் வார இறுதியில் தணிந்தும் இருக்கும். ஏப்ரல், ஜூன், அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களில் ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர்களின் கூட்டங்கள் ப்ரஸ்ஸல்ஸுக்குப் பதிலாக இங்கே நடைபெறுவதால் அப்போது நெருக்கடி கூடும். வெள்ளிக்கிழமை வந்து திங்கள்கிழமை புறப்படுவதாகத் திட்டமிட்டால் கணிசமாக மிச்சமாகும். போக்குவரத்து இலவசம் என்பதால் எட்டெல்ப்ரூக் போன்ற ரயில் சந்திப்பு ஊர்களில் தங்குவதும் நல்ல உத்தியே. அங்கிருந்து தலைநகருக்கு ஏறத்தாழ அரை மணி நேரம்தான்.

தலைநகரம் பாறை மேட்டின் மேல் ஒரு நகரமும் அதன் அடிவாரப் பள்ளத்தாக்கில் வேறொரு நகரமுமாக அமைந்தது. 963ஆம் ஆண்டு சீக்ஃப்ரீட் என்ற பிரபு கோட்டை அமைக்கப் பெற்ற போக் என்ற பாறைதான் தொடக்கம். பின்னர் ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரியர், பிரஷ்யர் என மாறி மாறி ஆண்டவர்கள் அதைப் பலப்படுத்தினார்கள். 1867ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையின்படி கோட்டை இடிக்கப்பட்டது. ஆனால் பாறைக்குள் குடையப்பட்ட சுரங்கங்களை முழுவதுமாக அழித்தால் மேலே உள்ள நகரமே சரியும் என்பதால் அவற்றில் பெரும்பகுதி எஞ்சியது. இன்று போக் சுரங்கங்களுக்குள் நடந்து பார்க்கலாம். உள்ளே குளிரும், படிகள் குறுகலாகவும் ஈரமாகவும் இருக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்கு ஷெமான் டி லா கோர்னீஷ் என்ற மேட்டுப் பாதை இருக்கிறது. பள்ளத்தாக்கின் முழுக் காட்சியும் அங்கிருந்து தெரியும். மேலும் கீழும் போய்வரப் படிகளை நம்பியிருக்கவும் வேண்டாம். க்ருண்ட் பகுதிக்கு மேட்டுக்குள்ளேயே ஒரு மின்தூக்கி இறங்குகிறது. ஃபாஃபென்தால் பகுதிக்கு 71 மீட்டர் உயரமுள்ள கண்ணாடி மின்தூக்கி உண்டு. அங்கிருந்து கிர்ச்பெர்க் மேட்டுக்கு ஏறும் கம்பிவட ரயில் 2017 முதல் ஓடுகிறது. இவையும் இலவசமே. இவற்றை இணைத்து நடந்தால் அரை நாளில் நகரத்தின் இரு தளங்களையும் களைப்பின்றிப் பார்த்துவிடலாம்.

மீதி நாள்களை வடக்குக்கும் கிழக்குக்கும் கொடுக்க வேண்டும். வடக்கே க்ளெர்வோ ஊருக்கு நேரடி ரயில் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள கோட்டையில் ‘மனிதக் குடும்பம்’ என்ற புகைப்படக் கண்காட்சி நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கிறது. லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற எட்வர்ட் ஸ்டைக்கன், 68 நாடுகளைச் சேர்ந்த 273 கலைஞர்களின் 503 படங்களைத் தொகுத்து 1955ஆம் ஆண்டு நியூயார்க்கில் முதன்முதலில் காட்டியது இது. அவசரமாகப் பார்த்தால் பயனில்லை, இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை என்பதால் முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

வியாண்டனுக்கு ரயில் கிடையாது. எட்டெல்ப்ரூக் வரை ரயிலிலும் பிறகு பேருந்திலும் போக வேண்டும். மலைச்சரிவில் நிற்கும் அதன் கோட்டை 1820ஆம் ஆண்டு விற்கப்பட்டுப் பிரித்தெடுக்கப்பட்டு, 1977ஆம் ஆண்டு அரசின் கைக்கு வந்த பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று பார்க்கும் கூரைகள் பல அண்மைக் காலத்தவை என்று குறை சொல்வோர் உண்டு. ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து பார்க்கும்போது அந்தக் குறை ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. கோடைக் காலத்தில் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் இழுவை நாற்காலியில் மேலேறி, கோட்டை வழியாக நடந்து இறங்குவது சிறந்த வழி.

கிழக்கே முல்லர்தால் பகுதி மணற்பாறைப் பிளவுகளும் காடும் ஓடைகளும் நிறைந்தது. 112 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதையை யாரும் முழுவதும் நடக்க வேண்டியதில்லை. எக்டர்னாக் வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஓநாய்ப் பள்ளம் என்ற பாறைப் பிளவு வரை நடந்து திரும்பினாலே அதன் தன்மை விளங்கிவிடும். மழை ஆண்டு முழுவதும் பெய்யும் நாடு இது. பிடிமானமுள்ள காலணி இல்லாமல் இந்தப் பாதையில் இறங்கக் கூடாது. ஷெங்கன் ஊரைப் பற்றி எச்சரிக்க வேண்டும்: 1985 ஜூன் 14 அன்று மொசெல் ஆற்றில் நின்ற கப்பலில் கையெழுத்தான, எல்லைச் சோதனைகளை நீக்குவதற்கான ஒப்பந்தத்தால் உலகப் பெயர் பெற்றதே தவிர, அது ஒரு சிற்றூர்தான். கையில் மூன்று நாள்களே இருந்தால் அதை விட்டுவிடலாம்.

மொழி பற்றிய அச்சம் தேவையில்லை. லக்சம்பர்கிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றும் நிர்வாக மொழிகள்; கடைகளிலும் உணவகங்களிலும் பிரெஞ்சே அதிகம் புழங்குகிறது, ஆங்கிலம் தலைநகரில் தாராளமாகச் செல்லும். ‘மோயன்’ என்று வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் முகம் மலரும்.

உணவகங்களில் மதிய நேரத்தில் கிடைக்கும் அன்றைய சிறப்பு உணவு இரவு உணவைவிட மலிவு. உள்ளூர்ச் சமையல் பன்றி இறைச்சியைச் சார்ந்தது. காய்கறிச் சூப்பிலும் பன்றித் துண்டுகள் கிடக்கலாம் என்பதால் சைவர்கள் கேட்டே வாங்க வேண்டும். சந்தைகளில் சுடச்சுடப் பொரித்துத் தரும் உருளைக்கிழங்கு அடையில் முட்டை சேர்ப்பார்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும். மே 9, ஜூன் 23 ஆகிய இரண்டும் பொது விடுமுறைகள். ஜூன் 23 தேசிய நாள், அதற்கு முந்தைய இரவு தலைநகரில் வாணவேடிக்கை நடக்கும் என்பதால் அறையை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். அவசர மருத்துவ உதவிக்கும் தீயணைப்புக்கும் 112, காவல்துறைக்கு 113.